எத்தனை, எவ்வளவு: ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். தரம் 6 தொடக்கம் சாதாரண தரம் வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற தம்பிமாரும், அலுவலகத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவேண்டிய தங்கச்சிமாரும் வருவார்கள். எல்லோரும் தடக்குப்படுகிற இடம் ஒன்று உண்டு. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு 'எஸ்' போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பதுதான் அது. எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதி அழித்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மாவும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழில் இப்படி ஒரு பிரிவே இல்லையே, இதை எப்படி விளங்கிக்கொள்வது?

தமிழில் இருக்கிறது. சந்தையில் "எத்தனை தேங்காய்?" என்று கேட்கிறோம், "எவ்வளவு சீனி?" என்று கேட்கிறோம். "எத்தனை சீனி?" என்று மூன்று வயதுப் பிள்ளைகூடக் கேட்காது. நம்முடைய பழைய அளவைகளும் நான்கு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காயை எண்ணுகிறோம், சீனியை நிறுக்கிறோம், பாலை முகந்து அளக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். ஆங்கிலம் இந்த நான்கையும் இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. எண்ணுகிற பொருள் ஒரு பக்கம். மற்ற மூன்றும் மறுபக்கம். முதற்பக்கம் 'கவுண்டபிள் நவுன்', எண்ணக்கூடிய பெயர். மறுபக்கம் 'அன்கவுண்டபிள் நவுன்', எண்ண முடியாத பெயர்.

ஆகவே முதலில் உங்கள் காதை நம்புங்கள். "எத்தனை" என்று வந்தால் 'ஹவ் மெனி'. "எவ்வளவு" என்று வந்தால் 'ஹவ் மச்'. வீட்டில் புழங்குகிற பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு சோதனையே போதும். காது பிழைவிடுகிற இடங்களும் இருக்கின்றன. கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்த இடங்களைப் பற்றியவைதான்.

சரி, பிரித்தாயிற்று. அதனால் வசனத்தில் என்ன மாறும்?

மூன்று விடயம் மாறும். எண்ணக்கூடிய சொல் தனியாக நின்றால் அதற்கு முன்னால் 'அ' அல்லது 'அன்' வேண்டும், அல்லது 'த', 'மை' மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும்: 'அ புக்', 'அன் எக்', 'மை பைசிக்கிள்'. வெறுமனே 'ஐ ஹேவ் பைசிக்கிள்' என்று எழுதினால் பிழை. ஒன்றுக்கு மேல் என்றால் 'எஸ்' வேண்டும்: 'டூ புக்ஸ்'. எண்ண முடியாத சொல்லுக்கு இந்த இரண்டும் ஆகாது. 'அ ரைஸ்' இல்லை, 'ரைசஸ்' இல்லை, வெறும் 'ரைஸ்'தான். மூன்றாவது, எண்ண முடியாத சொல் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் வினை ஒருமையில்தான் வரும். ஆயிரம் மூட்டை அடுக்கியிருந்தாலும் 'த ரைஸ் இஸ் இன் த ஸ்டோர்' என்றுதான் எழுத வேண்டும், 'ஆர்' வராது.

அரிசியை ஒவ்வொரு மணியாக எண்ணலாமே ரீச்சர், அதை ஏன் எண்ண முடியாது என்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்கிற பிள்ளை யோசிக்கிறது என்று அர்த்தம்.

எண்ணலாம், உண்மைதான். ஆனால் யாரும் எண்ணுவதில்லை. அம்மா உலையில் போட அரிசி எடுக்கும்போது சுண்டால், அதாவது அளக்கிற பேணியால், அள்ளுகிறா. ஆங்கிலம் அந்தச் சுண்டைத்தான் பார்க்கிறது, அதற்குள் இருக்கும் மணிகளைப் பார்க்கவில்லை. மணியை எண்ணத்தான் வேண்டுமென்றால் 'அ கிரெய்ன் ஒஃப் ரைஸ்', 'டென் கிரெய்ன்ஸ் ஒஃப் ரைஸ்' என்று மணிக்குரிய சொல்லை முன்னால் வைத்து அதற்கு 'எஸ்' போடுகிறார்கள்.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டால் சுகம். ஆனால் முறிகண்டியை நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதியில் போகிற பஸ் பிள்ளையாரடியில் நின்றால், இறங்கித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் யாரும் திரும்பி ஏறுவதில்லை. அந்தக் கச்சானையும் சுண்டால் அள்ளித்தான் சரையில் போடுகிறார்கள். நாமும் "எத்தனை கச்சான்?" என்று கேட்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கச்சான் எண்ணக்கூடியது: 'அ பீனட்', 'பீனட்ஸ்', 'ஹவ் மெனி பீனட்ஸ்?' கௌபியும் அப்படித்தான், 'கௌபீஸ்'. பருப்பு 'லென்டில்ஸ்', போஞ்சி 'பீன்ஸ்'. ஆனால் பயறு 'கிரீன் கிராம்', உளுந்து 'பிளாக் கிராம்', இரண்டுக்கும் 'எஸ்' இல்லை. சோளம் 'கோர்ன்', அதற்கும் இல்லை. போஞ்சியை விட்டால், ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் இருக்கிறவை இவை. கச்சானை ஒவ்வொன்றாகக் கோது உடைத்துச் சாப்பிடுகிறோம், அரிசியை அப்படிச் சாப்பிடுவதில்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் உளுந்தையும் பருப்பையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் காரணம் நிற்காது. இந்த இடத்தில் நான் பிள்ளைகளுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதில்லை, பாடமாக்கச் சொல்கிறேன்.

பட்டாணிக்கு ஒரு கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பட்டாணிக்கு 'பீஸ்' என்று பெயர். அதுவும் 'ரைஸ்' போல மொத்தமாகச் சொல்லுகிற சொல்தான். முடிவில் இருக்கும் 'ஸ்' ஒலி அந்தச் சொல்லின் சொந்த உறுப்பு, பன்மை விகுதி அல்ல. காலப்போக்கில் சனங்கள் அதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் ஒன்றுக்குப் பெயர் 'பீ'யாகத்தான் இருக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டளவில் புதிதாக ஓர் ஒருமைச் சொல்லை உண்டாக்கிவிட்டார்கள். எண்ண முடியாமல் இருந்த பட்டாணி, ஒரு காதுப்பிழையால் எண்ணக்கூடியதாகிவிட்டது. ஆங்கிலேயருக்கே இப்படி நடந்திருக்கிறது. பிள்ளைகள் பிழைவிட்டால் தலையில் குட்டாதீர்கள்.

'டென் கவ்' என்று எழுதினால் ரீச்சர் ஏன் வெட்டுகிறீர்கள்? பத்து மாடு என்றுதானே சொல்கிறோம்?

தமிழில் "பத்து மாடு" சரியான வழக்கு. "மாடு வந்தது", "மாடு வந்தன" இரண்டும் சரி. பெயர் அப்படியே நிற்கும், ஒன்றா பலவா என்பதை வினை காட்டிவிடும். நன்னூல் இப்படியான சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. முன்னால் எண் இருக்கும்போது பின்னால் 'கள்' எதற்கு என்பது நம் மொழியின் கணக்கு. ஆங்கிலத்தின் கணக்கு வேறு. எண் இருந்தாலும் 'எஸ்' கட்டாயம்: 'டென் கவ்ஸ்'. பிள்ளை 'டென் கவ்' என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. தமிழ் இலக்கணம் அவ்வளவு ஆழமாக உள்ளே இறங்கியிருக்கிறது. இதை ஒருமுறை சொல்லிக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் அன்றே திருந்திவிடுவார்கள்.

மாட்டிலேயே இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'கேட்டில்'. இது எப்போதும் பன்மை. 'த கேட்டில் ஆர் இன் த ஃபீல்ட்' என்றுதான் வரும். 'அ கேட்டில்' என்று சொல்லவே முடியாது. ஒரு பட்டி மாடு என்பதற்கு 'அ ஹேர்ட் ஒஃப் கேட்டில்'.

'இன்ஃபொமேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபேர்னிச்சர்ஸ்', 'இக்குவிப்மென்ட்ஸ்', 'ஹோம்வேர்க்ஸ்' எல்லாம் பிழையா? அலுவலகங்களில் எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?

பிழைதான். நம் காது நம்மை ஏமாற்றுகிற பெரிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள், உபகரணங்கள், வீட்டுப்பாடங்கள் என்று எழுதுகிறோம். "எத்தனை தகவல்?" என்று கேட்கவும் முடியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் 'எஸ்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்த ஐந்தும் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. 'இன்ஃபொமேஷன்', 'அட்வைஸ்', 'ஃபேர்னிச்சர்', 'இக்குவிப்மென்ட்', 'ஹோம்வேர்க்'. 'எஸ்' இல்லை, 'அன்' இல்லை, வினை ஒருமை.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சில் தகவலுக்குப் பன்மை உண்டு, ஜேர்மன் மொழியிலும் உண்டு. பிரான்ஸில் இருக்கிற சித்தப்பாவின் பிள்ளைக்கும் ஆங்கிலம் எழுதும்போது இதே இடத்தில் கை நழுவும்.

தளபாடம், உபகரணம் போன்றவற்றை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கதிரை எண்ணக்கூடியது, மேசை எண்ணக்கூடியது, அலுமாரி எண்ணக்கூடியது. இவையெல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு அந்தக் கூடைக்கு வைத்த பெயர்தான் 'ஃபேர்னிச்சர்'. கூடைப்பெயர் எண்ணப்படுவதில்லை. பை, சூட்கேஸ் எண்ணலாம், 'லக்கேஜ்' எண்ண முடியாது. தோடு, சங்கிலி, மோதிரம் எண்ணலாம், 'ஜுவலரி' எண்ண முடியாது. லொறி, பஸ், மோட்டார்சைக்கிள் எண்ணலாம், 'ட்ரஃபிக்' எண்ண முடியாது.

தமிழிலும் இப்படியான ஒரு சொல் நம் வாயில் இருக்கிறது. 2008இல் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது தெரு முழுக்கக் கேட்ட சொல், "சாமானை ஏத்துங்கோ". உழவு இயந்திரப் பெட்டியில் கட்டில், கதிரை, தண்ணீர்க்குடம், சைக்கிள், கூரைத்தகரம் என்று அடுக்கியிருந்தோம். அத்தனையும் சேர்ந்து ஒரு "சாமான்"தான். அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் கூடைப்பெயர் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை. நாங்கள் கட்டிலையும் கதிரையையும் எண்ணி ஏற்றினோம். சாமானை எண்ணி ஏற்றவில்லை.

கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன ஒரு மாணவன் மாத அறிக்கையில் 'இக்குவிப்மென்ட்ஸ்' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தான். 'ஓல் இக்குவிப்மென்ட் வாஸ் செக்ட்' என்று மாற்றிக் கொடுத்தேன். 'வேர்' என்று போட்டிருந்த இடமெல்லாம் 'வாஸ்' ஆக மாற்ற வேண்டியிருந்தது. 'எஸ்' ஒன்று பிழைத்தால் வினையும் சேர்ந்து பிழைக்கும் என்பதைக் கவனியுங்கள்.

நமக்குள்ளே பேசும்போது 'ஃபேர்னிச்சர்ஸ்' என்று வந்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, எல்லோருக்கும் விளங்கும். சோதனைத் தாளிலும் விண்ணப்பத்திலும் வேண்டாம். அங்கே ஒரு 'எஸ்' புள்ளியைக் குறைக்கும்.

அப்படியானால் 'ஒரு தகவல்', 'இரண்டு பாண்' என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அளவுச் சொல்லை முன்னால் வையுங்கள். கடையில் நாம் செய்வதும் இதுதான். "ஒரு றாத்தல் பாண், ஒரு கட்டி சவர்க்காரம், ஒரு போத்தல் தேன், ஒரு முட்டி தயிர், ஒரு கட்டு விறகு" என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இடையில் ஒரு 'ஒஃப்' சேரும், அவ்வளவுதான்: 'அ லோஃப் ஒஃப் பிரெட்', 'அ பார் ஒஃப் சோப்', 'அ பொட்டில் ஒஃப் ஹனி', 'அ பொட் ஒஃப் கேர்ட்', 'அ பண்டில் ஒஃப் ஃபயர்வுட்'. கறிக்குப் போடுகிற ஒரு சிட்டிகை உப்பு, 'அ பின்ச் ஒஃப் சோல்ட்'. எண்ணிக்கை கூடினால் 'எஸ்' அளவுச் சொல்லுக்குப் போகும்: 'டூ லோவ்ஸ் ஒஃப் பிரெட்'. 'டூ பிரெட்ஸ்' என்று வராது.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் கூடைப்பெயர்களுக்கும் 'பீஸ்' உதவும், துண்டு என்கிற சொல். 'அ பீஸ் ஒஃப் இன்ஃபொமேஷன்', 'அ பீஸ் ஒஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஒஃப் ஃபேர்னிச்சர்'. அறிவுரைக்கு எப்படித் துண்டு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் மறக்கமாட்டார்கள்.

வாழைப்பழச் சீப்புக்கு இலங்கையில் 'கோம்' என்று ஆங்கிலத்திலும் சொல்கிறோம், தலை சீவுகிற சீப்பின் பெயரையே வைத்து. வெளிநாட்டவருக்கு அது விளங்காமல் போகலாம், அவர்களுக்கு 'அ பன்ச் ஒஃப் பனானாஸ்' என்று எழுதுங்கள்.

ஒரே சொல் சில இடத்தில் 'எஸ்' எடுக்கிறது, சில இடத்தில் எடுக்கவில்லை. எது சரி?

இரண்டும் சரி. பொருள் வேறு.

தேங்காயை எடுங்கள். பிள்ளையாருக்கு உடைக்கிற முழுத் தேங்காய் 'அ கோக்கனட்'. மூன்று உடைத்தால் 'த்ரீ கோக்கனட்ஸ்'. அதே தேங்காயைத் துருவிச் சம்பலுக்கு எடுத்தால் 'சம் கோக்கனட்', அப்போது 'எஸ்' இல்லை. முழுதாக இருக்கும்வரை எண்ணலாம். திருவலகையில் துருவிய பிறகு அது பூ. பூவை எண்ண முடியாது, அள்ளத்தான் முடியும். கோழியும் அப்படித்தான். முற்றத்தில் மேய்கிறது 'அ சிக்கன்', சட்டியில் இருக்கிறது 'சிக்கன்'. 'ஐ ஏட் அ சிக்கன்' என்று எழுதினால் முழுக் கோழியையும் தனியாளாகச் சாப்பிட்டதாக ஆகும்.

தலைமயிர் மொத்தமாக 'ஹெயார்'. 'ஹேர் ஹெயார் இஸ் லோங்' என்று வரும். சோற்றுக்குள் ஒரு மயிர் கிடந்தால் அது 'அ ஹெயார்'. தாள் 'பேப்பர்', செய்தித்தாள் 'அ பேப்பர்'. நேரம் 'டைம்', தடவை 'டைம்ஸ்'. 'ஐ வென்ட் தெயார் த்ரீ டைம்ஸ்' என்றால் மூன்று தரம் போனேன் என்று அர்த்தம்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பட்டறிவு எண்ண முடியாதது: 'ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'. வாழ்க்கையில் நடந்த தனித்தனிச் சம்பவங்களைச் சொன்னால்தான் 'எக்ஸ்பீரியன்சஸ்'. சுயவிபரக் கோவையில் 'எக்ஸ்பீரியன்சஸ்' என்று தலைப்புப் போட்டு எத்தனையோ பேர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்கு 'எஸ்' வேண்டாம்.

மீனுக்கு?

ஒன்று என்றாலும் பத்து என்றாலும் 'ஃபிஷ்': 'வன் ஃபிஷ்', 'டென் ஃபிஷ்'. வேறு வேறு இன மீன்களைப் பற்றிப் பேசும்போது 'ஃபிஷஸ்' என்று எழுதுவார்கள். குழம்பில் இருந்தால் அது எண்ண முடியாத 'ஃபிஷ்'. நந்திக்கடல் இறாலுக்குச் சிக்கல் இல்லை, 'ப்ரோன்', 'ப்ரோன்ஸ்'.

காசை எண்ணுகிறோமே! 'மனி' எப்படி எண்ண முடியாததாகும்?

நாம் எண்ணுவது ரூபாயை. 'ருப்பி' எண்ணக்கூடியது, 'அ ஹண்ட்ரட் ருப்பீஸ்'. நாணயம் 'கொயின்', நோட்டு 'நோட்', அவையும் எண்ணக்கூடியவை. 'மனி' இவற்றின் கூடைப்பெயர். தமிழிலும் "எவ்வளவு காசு?" என்றுதானே கேட்கிறோம். ஒரு தொகையை மொத்தமாக நினைத்தால் 'எஸ்' இருந்தாலும் வினை ஒருமையாகும்: 'ஃபைவ் தவுசண்ட் ருப்பீஸ் இஸ் நொட் இனஃப்'.

விலை கேட்கும்போது பொருள் எண்ணக்கூடியதா என்று யோசிக்கவே வேண்டாம். கேட்பது காசை. 'ஹவ் மச் ஆர் த மேங்கோஸ்?' என்பது சரியான வசனம்.

'ஃபியூ', 'அ ஃபியூ', 'லிட்டில்', 'அ லிட்டில்' நான்கும் குழப்புகிறது.

எண்ணக்கூடியதற்கு 'ஃபியூ', எண்ண முடியாததற்கு 'லிட்டில்'. அந்தப் பாதி இலேசு. முன்னால் வருகிற 'அ' என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குத் தமிழில் அழகான பதில் இருக்கிறது.

சிறுபோகத்துக்கு முன்னால் இரணைமடுக் குளத்தைப் பார்த்துவிட்டு வருகிற கமக்காரர் இரண்டு விதமாகச் சொல்லலாம். "கொஞ்சம் தண்ணி இருக்கு" என்றால் நம்பிக்கை. விதைக்கலாம். "கொஞ்சத் தண்ணிதான் இருக்கு" என்றால் கவலை. குளத்தில் இருக்கிற தண்ணீர் ஒன்றேதான், 'தான்' என்ற ஒரு சொல் மனதை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'அ' தலைகீழாகச் செய்கிறது. 'தேர் இஸ் அ லிட்டில் வோட்டர்' என்றால் கொஞ்சம் இருக்கு. 'தேர் இஸ் லிட்டில் வோட்டர்' என்றால் கொஞ்சம்தான் இருக்கு. 'அ' போனால் 'தான்' வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' இரண்டும் இதே கணக்குத்தான்.

'மச்', 'மெனி' பற்றி ஒரு சொல். கேள்வியிலும் மறுப்பிலும் 'மச்' இயல்பாக இருக்கும். சாதாரண வசனத்தில் 'ஐ ஹேவ் மச் வேர்க்' என்றால் காதுக்கு ஒட்டாது. 'அ லொட் ஒஃப்' போடுங்கள், இரண்டு வகைப் பெயருக்கும் பொருந்தும்.

வெள்ளப் பாதிப்புக்குக் கடிதம் எழுதும்போது 'டமேஜஸ்' என்று எழுதலாமா?

எழுதவேண்டாம். 2018 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு, வயல், ஆடுமாடு என்று எத்தனையோ குடும்பங்கள் இழந்தன. அந்த நேரம் உதவி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு வீட்டில் சுவர் நெஞ்சளவுக்கு ஊறிக் கிடந்தது. மகள் தன் கையால் எழுதிவைத்திருந்த கடிதத்தில் 'டமேஜஸ் டு அவர் ஹவுஸ்' என்று இருந்தது. சேதம் என்ற பொருளில் 'டமேஜ்' எண்ண முடியாதது. 'த ஃபிளட் கோஸ்ட் அ லொட் ஒஃப் டமேஜ்' என்று எழுத வேண்டும். 'டமேஜஸ்' என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நட்டஈட்டுப் பணம். சொல் ஒன்று, 'எஸ்' சேர்ந்ததும் சேதம் பணமாக மாறிவிடுகிறது.

காணிக் கடிதங்களிலும் இப்படிச் சிக்கல் வரும். 'லேண்ட்' பொதுவாக எண்ண முடியாதது. 'டூ ஏக்கர்ஸ் ஒஃப் லேண்ட்', 'அ பீஸ் ஒஃப் லேண்ட்' என்று எழுதினால் எங்கும் பிழைக்காது. சட்டப் பத்திரங்களில் 'லேண்ட்ஸ்' என்று வருவது உண்டு, அது அந்த எழுத்தின் வழக்கு.

வேலைக்கு 'வேர்க்' எண்ண முடியாதது, 'ஜொப்' எண்ணக்கூடியது. 'ஐ ஆம் லுக்கிங் ஃபோர் அ ஜொப்', இல்லையென்றால் 'ஐ ஆம் லுக்கிங் ஃபோர் வேர்க்'. 'அ வேர்க்' என்று வேலை தேடாதீர்கள். 'இரிகேஷன் வேர்க்ஸ்' என்று பலகையில் பார்த்திருப்பீர்கள். அங்கே 'வேர்க்ஸ்' என்பது குளம், வாய்க்கால் போன்ற கட்டுமானங்களைக் குறிக்கிறது. அது சரிதான்.

'நியூஸ்' முடிவில் 'எஸ்' இருக்கிறதே, பன்மையா?

இல்லை. 'த நியூஸ் இஸ் குட்'. 'மெத்தமெட்டிக்ஸ்' என்பதும் அப்படியே.

'ஸ்டாஃப்ஸ்'?

ஒரு அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து 'ஸ்டாஃப்'. ஆளை எண்ண வேண்டுமென்றால் 'ஃபைவ் மெம்பர்ஸ் ஒஃப் ஸ்டாஃப்'. 'மை ஸ்டாஃப்ஸ்' என்று எழுதாதீர்கள்.

தேநீர்க் கடையில் 'டூ டீஸ்' என்று கேட்கிறார்களே, அது பிழையில்லையா?

பிழையில்லை. இரண்டு கோப்பை என்பதைச் சுருக்கிக் கேட்கிறார்கள். "ரெண்டு பிளேன்ரீ" என்று நாம் கேட்கவில்லையா? குடிக்கிற பொருளைக் கோப்பையாக நினைத்தால் 'எஸ்' போடலாம். வகையாக நினைத்தாலும் போடலாம்.

'லெஸ்', 'ஃபியூவர்' எது எங்கே?

இரண்டுக்கும் அர்த்தம் 'குறைவான' என்பதுதான். எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்'. 'ஃபியூவர் புக்ஸ்', 'லெஸ் சோல்ட்'. இது ஆதியில் இருந்து வந்த விதி அல்ல. 1770இல் ரொபேர்ட் பேக்கர் என்கிற ஆங்கிலேயர், எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' என்றால் நன்றாக இருக்கும் என்று தன் விருப்பமாக எழுதினார். பிறகு வந்த ஆசிரியர்கள் அதை விதியாக்கிவிட்டார்கள். அதனால் இங்கிலாந்துக்காரர் யாராவது 'லெஸ் பீப்பிள்' என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். சோதனையில் மட்டும் விதிப்படி எழுதுங்கள். தூரம், காசு, காலம் மூன்றுக்கும் எண் இருந்தாலும் 'லெஸ்'தான்: 'லெஸ் தென் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்'.

ஒரு சொல் எந்த வகை என்று தெரியாவிட்டால் எங்கே பார்ப்பது?

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே அச்சிட்ட அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக 'சி' அல்லது 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'சி' எண்ணக்கூடியது, 'யூ' எண்ண முடியாதது. இரண்டும் இருந்தால், எந்தப் பொருளுக்கு எது என்று கீழே பிரித்துக் காட்டியிருக்கும். பிள்ளைகள் அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தையும் பார்த்து, புதிய சொல்லைக் கொப்பியில் எழுதும்போது கூடவே எழுதிவையுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது ரீச்சர். வீட்டில் பிள்ளைக்கு நான் எப்படி உதவுவது?

சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். நீங்கள் தமிழில் கேளுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். "மிளகாய் எத்தனை?" 'ஹவ் மெனி சில்லீஸ்?' "மிளகாய்த்தூள் எவ்வளவு?" 'ஹவ் மச் சில்லி பவுடர்?' "முட்டை எத்தனை?" "எண்ணெய் எவ்வளவு?" எத்தனை, எவ்வளவு இரண்டும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புளியங்குளத்தில் இருந்து வருகிற ஓர் அம்மா இப்படி ஒரு மாதம் செய்திருக்கிறா. மகள் தரம் 7. கச்சானும் கௌபியும் வந்த அன்றுதான் இரண்டு பேருக்கும் முரண்பட்டிருக்கிறது. "நான் எவ்வளவு என்று கேட்டேன் ரீச்சர், இவள் 'ஹவ் மெனி' என்கிறாள், யார் பிழை?" என்று மகளையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்து கேட்டா. இரண்டு பேருமே சரி என்று சொல்லி, பட்டாணியின் கதையைச் சொன்னேன்.